தலைமன்னார்க் கப்பலும் நம் முன்னோரும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்துச் செயலாளர் பணித்தபோது, இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் நாம் எதைப் பற்றி எழுதுவதென்று சில நாள் தயங்கினோம். அத் தயக்கத்தைத் தீர்த்து வைத்தது விழிஞ்ஞம் கடற்கரை.

விழிஞ்ஞம் புதிய ஊரன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது. பாண்டியன் நெடுஞ்சடையன் போரிட்டுக் கைப்பற்றியது. பின்னர் முதலாம் இராஜராஜ சோழனின் படையும் வந்து வென்றது. அத்தகைய பழந்துறையில், 2025ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள், புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகக் கப்பல்கள் செல்லும் பெருவழி அவ்விடத்திலிருந்து சுமார் 10 கடல்மைல் தொலைவே. ஆகையால் மிகப் பெரிய சரக்குக் கப்பல்களும் அங்கு வந்து செல்கின்றன.

அதனைக் காண நம் காலனிக் குடும்பங்கள் சில ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுச் சென்றோம். தொலைவில் நின்று பார்த்தபோது, அடுக்கடுக்காகப் பெட்டிகளைச் சுமந்த கப்பல் ஒன்று நகரமே மிதப்பதுபோல் தோன்றியது. பக்கத்து வீட்டுச் சிறுவன், “மாமா, இந்தக் கப்பலில் நாம் ஏறிப் போகலாமா?” என்று கேட்டான். “முடியாதப்பா, இதில் பெட்டிகள் மட்டுமே போகும்” என்றோம். அருகிலிருந்த எம் தாயார் மெல்லச் சிரித்து, “நாங்கள் வந்த கப்பலில் ஆட்களைத்தான் பெட்டி போல எண்ணி ஏற்றினார்கள்” என்றார்.

அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது. நம் காலனியில் பல இல்லங்களில் இத்தகைய கப்பற்பயணம் ஒன்று உண்டு. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு அதன் வரலாறு தெரியாது. ஆதலின் அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தமிழகத்திலிருந்து இலங்கைக்குத் தோணியேறிச் சென்றோர் கதை பழமையானது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களைத் திறந்த பின், பஞ்சத்துக்கு அஞ்சியும் கங்காணியின் சொல்லை நம்பியும் நம்மவர் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரைக்குச் சென்றனர். அங்கிருந்து காட்டுவழியே நடந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். காப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் இப்போக்குவரத்து நிற்கவில்லை.

1914ஆம் ஆண்டு பெரிய மாற்றம் நேர்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரையில் இருப்புப்பாதை சென்றது. கடலுக்கு அப்பால் தலைமன்னாரிலிருந்து இலங்கை இரயில்வேயின் பாதை தொடங்கியது. இடைப்பட்ட கடல் சுமார் 22 மைல். அதனை நீராவிக் கப்பல்கள் கடந்தன. கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் எனவும், பிற்காலத்தில் இர்வின், கோஷன் எனவும் ஆங்கில அதிகாரிகளின் பெயர்களையே அக்கப்பல்கள் தாங்கின. சென்னை எழும்பூரில் ஏறிய ஒருவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்புக் கோட்டை நிலையம் வரை செல்லலாம். “போட் மெயில்” என்று அவ்வண்டிக்குப் பெயர் வந்தது இதனாலேயே. இருபுறமும் இரயில், நடுவே கப்பல் என்று அமைந்த இவ்வேற்பாட்டை எண்ணும்போது, இரயில்வே ஊழியனாகிய எமக்கு இன்றும் பெருமிதம் உண்டாகிறது.

ஆனால் அப்பயணம் எல்லோர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. வணிகரும் அதிகாரிகளும் இரயிலிலிருந்து இறங்கி, நேரே கப்பலேறி, கடற்காற்று வாங்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தனர். தோட்டத் தொழிலாளியோ முதலில் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டான். தொற்றுநோய் உண்டா என்று பரிசோதனை, அம்மை குத்துதல், துணிகளுக்கு மருந்து, பெயர்ப்பதிவு என்று பல நாள் கழிந்த பின்னரே அவன் கடலைக் கண்டான். கடல் ஒன்றே, கப்பலும் ஒன்றே, ஆயினும் ஒருவருக்கு அது பயணம், மற்றொருவருக்கு அது பிழைப்பு.

1964ஆம் ஆண்டு நம் மக்களின் வாழ்வைப் புரட்டிப் போட்ட ஆண்டாகும். அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றவராகக் கருதப்பட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் எழுதினர். அவர்களையும் 1974ஆம் ஆண்டு இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டோரைக் கேட்டு எழுதிய உடன்படிக்கையன்று அது.

உடன்படிக்கையின் மை உலர்ந்து இரண்டு திங்கள் ஆகுமுன்னரே, டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியைக் கடல் கொண்டது. அதிலிருந்தோர் எவரும் கரை சேரவில்லை. பாம்பன் பாலத்தின் பல கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. அப்பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்டுத் தந்தவர் கேரளத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் என்பதை, இம்மண்ணில் வாழும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். பாலம் மீண்டது, ஆனால் தனுஷ்கோடித் துறை மீளவில்லை. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே “இராமானுஜம்” என்னும் கப்பல் ஓடியது. தாயகம் திரும்பியோர் இலட்சக்கணக்கில் கடல் கடந்தது இவ்வழியேதான்.

எம் தாயார் 1973ஆம் ஆண்டு, தமது 14ஆம் வயதில், அக்கப்பலில் வந்தார். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். தலைமன்னாருக்குச் செல்லும் இரயிலை அம்மக்கள் “அழுகைக் கோச்சி” என்று அழைத்தனராம். ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்களுள் ஒன்று வண்டிக்குள்ளும் மற்றொன்று மேடைமேலும் நின்று கதறும் கதறலில் எஞ்சின் ஊதும் ஒலியும் கேளாதாம். அண்ணனுக்கு இந்தியா, அக்காளுக்கு இலங்கை என்று ஒரு வயிற்றுப் பிள்ளைகளே பிரிந்தனர். எம் பெரிய தாயார் மணமாகி அங்கேயே தங்கிவிட்டார்.

“கப்பலில் என்ன பார்த்தீர்கள், அம்மா?” என்று நாம் பலமுறை கேட்டதுண்டு. “என்னத்தைப் பார்ப்பது! எல்லாரும் பின்பக்கம்தான் நின்றோம். முன்பக்கம் போய் இந்தியாவைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை” என்பார். சுமார் மூன்று மணி நேரப் பயணம். மலைக்குளிரில் வளர்ந்தவர்க்கு வெயிலும் அலையும் தாங்கவில்லை, குழந்தைகள் வாந்தியெடுத்தன. பாட்டியார் மட்டும் தகரப்பெட்டியின்மேல் அமர்ந்து, மடியில் குடும்பத்தின் பத்திரங்களை அணைத்தபடி, “இந்தக் கப்பல் திரும்பப் போகும்போது ஆள் ஏற்றுமா?” என்று எதிர்ப்பட்டோரையெல்லாம் கேட்டாராம். ஒருவரும் விடை கூறவில்லை.

கரையேறியோர் மண்டபம் முகாமில் தங்கினர். முன்னோர் போகும்போது நின்ற அதே மண்டபத்தில், பேரப்பிள்ளைகள் திரும்பும்போது நின்றனர். அங்கிருந்து சிலர் நீலகிரிக்கும், சிலர் ஆந்திர, கருநாடக மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கேரளத்தில் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி 1976ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் உள்ள அதன் இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்க்கு வேலை கிடைத்தது. தேயிலை கிள்ளிய கைகள் இரப்பர் மரம் கீறக் கற்றன. அந்த லயத்தில் பிறந்து, அங்கிருந்தே மெட்ரிக் தேறி, இரயில்வேயில் சேர்ந்தவர்களுள் நாமும் ஒருவர்.

இராமானுஜம் கப்பலின் போக்குவரத்து, இலங்கையில் மூண்ட போரினால் 1984ஆம் ஆண்டு நின்றது. பாட்டியார் கேட்ட கேள்விக்குக் கடலே விடை கூறிவிட்டது போலாயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மைத்துனரின் காரில் கொச்சிக்குச் சென்றிருந்தோம். கோட்டைக் கொச்சியிலிருந்து வைப்பினுக்குக் காரோடு கப்பலேறிச் செல்லும் வசதி அங்குண்டு. கொச்சிக் கப்பல் கட்டுந்தளத்தில் கட்டப்பட்டு, 2018ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அக்கலங்களுக்குச் “சேதுசாகர்” என்று பெயர். இருபுறமும் வாயில் உடையவை. ஒரு வாயில் வழியே தன் சக்கரத்திலேயே உருண்டு ஏறும் வண்டி, மறு வாயில் வழியே உருண்டு இறங்கும். லாரியும் காரும் ஆட்டோவும், மீன் கூடையோடு வந்த தாய்மாரும், பள்ளிப் பிள்ளைகளும் ஒரே தட்டில் நின்றனர். சில நிமிடங்களில் அக்கரை வந்தது. இறங்கியதும் எம் தாயார் திரும்பி நின்று, கப்பல் மறுகரைக்குப் புறப்படுவதையே நெடுநேரம் பார்த்தார். “இது ஆள் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகிறதே!” என்றார். நாம் வாய் பேச இயலாது நின்றோம்.

அன்றுதான் ஓர் உண்மை எமக்கு விளங்கிற்று. தோணியின் பயன் அக்கரை சேர்ப்பதில் மட்டுமில்லை. இக்கரைக்கு மீட்டுத் தருவதிலும் உண்டு. விரும்பியபோது போகவும், விரும்பியபோது வரவும் இயன்றால்தான் அது பயணம். நம் முன்னோர்க்குப் போகும்போதும் அவ்வுரிமை இல்லை, வரும்போதும் இல்லை.

கடல்வழி மீண்டும் திறக்க முயற்சிகள் நடைபெறாமலில்லை. 2011ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே “ஸ்கோஷியா பிரின்ஸ்” என்னும் கப்பல் ஓடியது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே பயணிகளையும் கார்களையும் ஏற்றிப் பல்லாண்டு உழைத்த கப்பல் அது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது. 2015ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் தலைமன்னாருக்கு இரயில் மீண்டும் வந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் “செரியபாணி” என்னும் கலம் புறப்பட்டது. சில நாளில் நின்றுபோன அவ்வழியில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 முதல் “சிவகங்கை” ஓடலாயிற்று.

சங்கத்து அன்பர்களே, தாய்மார்களே! அன்று கப்பலில் வந்தோர் நம்மிடையே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்கள் கொண்டுவந்த கடவுச்சீட்டும், குடும்ப அட்டையும், தகரப்பெட்டியும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைப் பழைய காகிதக்காரனுக்கு எடை போட்டு விடாதீர்கள். பெரியோரை அமர்த்தி, அவர் வந்த நாளையும், விட்டுவந்த தோட்டத்தின் பெயரையும், பிரிந்த உறவினர் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அவற்றைத் திரட்டி அடுத்த ஆண்டு மலரில் வெளியிடச் சங்கம் முன்வருமாயின், எழுதிப் படியெடுக்கும் வேலையை நாம் மகிழ்வோடு ஏற்போம்.

எம் தாயாருக்குக் கடவுச்சீட்டு வாங்க விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பெரிய தாயார் அட்டனில் உயிரோடிருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற எண்ணம். இம்முறை போவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்தே சீட்டு எடுப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!