மாளிகைமேடும் மாநக்கவாரமும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் கண்டு வந்த தமிழர் பலர். அக்கோயிலைக் கட்டிய வேந்தன் வாழ்ந்த அரண்மனை நின்ற இடத்தைக் கண்டு வந்தவர் சிலரே. கோயிலின் விமானம் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாகும். அரண்மனை இருந்த இடமோ யாரேனும் கைநீட்டிக் காட்டினாலன்றித் தெரியாது. ஆயினும் அந்தமானில் வாழும் நமக்கு அவ்விடத்தோடு ஓர் உறவு உண்டு. விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது அங்கே கண்டவற்றையும், அவ்விடத்தின் வரலாற்றையும் இம்மலர் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அணைக்கரை வழியே

கும்பகோணத்திலிருந்து வடக்கே புறப்பட்டுக் கொள்ளிடத்தை அணைக்கரையில் கடந்தோம். கீழணை எனப்படும் இவ்வணை 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் திட்டப்படி எழுந்தது. அதைக் கட்டக் கல் வேண்டியிருந்தது. அருகில் மலை இல்லை. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருமதிலும் கோபுரமும் இருந்தன. அவற்றை இடித்துக் கல்லைக் கொண்டு வந்தனர். ஆகவே இவ்வழியே வருவோர் கோயிலைக் காணுமுன்னரே கோயிலின் கற்களைக் கடந்துதான் வருகின்றனர். இதனை எண்ணும்போது மனம் வருந்தவே செய்கின்றது. ஆயினும் கொள்ளிட நீரை வீராணம் ஏரிக்கும் வயல்களுக்கும் திருப்பிவிடுவதும் இவ்வணையே. இழப்பும் பயனும் ஒரே கல்லில் கலந்து கிடக்கின்றன.

வேந்தன் கண்ட நகரம்

முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1014-இல் தந்தை இராசராசனுக்குப் பின் அரியணை ஏறினான். அவன் படைத்தலைவர் வடக்கே கங்கைக்கரை வரை சென்று வென்று, கங்கை நீரைக் கொணர்ந்தனர். அவ்வெற்றியின் நினைவாகவே தஞ்சையை விடுத்து இப்புதிய நகரை அமைத்தான். நகரின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரியையும் வெட்டுவித்தான். நீரால் ஆகிய வெற்றித்தூண் என்று அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. அதன் கரை பதினாறு மைல் நீளம் உடையது என்று ஆங்கிலேயர் கால மாவட்ட விவரநூல் குறித்துள்ளது. இன்று அதனைப் பொன்னேரி என்பர்.

அந்நாள் முதல் 1279-இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது வரை, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் இதுவே சோழர் தலைநகராக விளங்கியது. கலிங்கத்துப்பரணி கூறும் கங்காபுரி இந்நகரமே. இங்கிருந்த அரண்மனை, சோழகேரளன் திருமாளிகை என்று வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டில் குறிக்கப்பெற்றுள்ளது.

மேட்டின்மீது நின்றபோது

கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டை என்னும் சிற்றூரை அடுத்து மாளிகைமேடு உள்ளது. மேடு என்ற சொல்லுக்கேற்ப நிலம் சற்றே உயர்ந்திருக்கின்றது, அவ்வளவே. வேலிக்குள் அகழப்பட்ட குழிகளில் செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகள் தெரிகின்றன. நாங்கள் சென்ற பிற்பகலில் வேறு பார்வையாளர் எவரும் இல்லை. எம் இளைய மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு, "அப்பா, ராஜா இருந்த வீடு எங்கே?" என்று கேட்டாள். "இதுதான்" என்றோம். அவள் நம்பவில்லை.

தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையினர் 1980 தொடங்கிச் சில பருவங்களிலும், பின்னர் 2021 முதலும் இங்கே அகழாய்வு செய்துள்ளனர். ஒரு மீட்டருக்கும் மிகுந்த கனமுள்ள செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் சில கிடைத்தன. அவற்றின்மீது நின்றவை மரத்தூண்கள் ஆதல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. கண்ணாடி வளையல் துண்டுகளும், சீனநாட்டுப் பீங்கான் ஓடுகளும் கிடைத்துள்ளன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுவினர் சீனம் சென்றதை அந்நாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. தூதரும் வணிகரும் சென்று மீண்ட கடல்வழியின் அடையாளமாக அப்பீங்கான் ஓடுகளைக் கொள்ளலாம்.

கோயில் நிற்க, கோட்டை மறைந்தது ஏன்?

இதற்கு விடை எளிது. நம் முன்னோர் இறைவனுக்குக் கல்லால் வீடு கட்டினர். அரசனுக்குச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டினர். மரம் எரியும், மட்கும். செங்கல்லைப் பிறர் பெயர்த்துச் செல்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டியதை அவன் மெய்க்கீர்த்தியே பேசுகின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு மறைந்தபின் காப்பார் இல்லை. கோயிலில் வழிபாடு இருந்தது. விளக்கேற்ற ஒருவர் வந்தார். அரண்மனைக்கு அவ்வாறு வருவார் யார்? மண் மூடிற்று, செங்கற்கள் ஊராரின் சுவர்களுக்குப் போயின.

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய கதை அன்று. சப்பான் நாட்டில் ஓடா நொபுனாகா என்னும் பெருந்தலைவன் 1576-இல் தொடங்கி 1579-இல் முடித்த அசுச்சிக் கோட்டை, மூன்றே ஆண்டுகளில், 1582-இல் எரிந்து அழிந்தது. மலைமேல் கல்லடுக்கிய அடித்தளமும் படிகளுமே இன்று எஞ்சியுள்ளன. அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நம் துறைமுகத்திற்கு எதிரே உள்ள பழைய ராஸ் தீவைப் பாருங்கள். ஆங்கிலேயத் தலைமை ஆணையர் வாழ்ந்த மாளிகை 1942-இல் கைவிடப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குள் ஆலும் அரசும் அத்தீவின் சுவர்களை வேரால் பற்றிக்கொண்டன. அப்படியாயின் எழுநூறு ஆண்டு கிடந்த மேட்டில் சுவரின் அடியேனும் எஞ்சியதே வியப்பு அன்றோ?

பெயர்கள் காத்தவை

கட்டடம் காக்காததை ஊர்ப்பெயர்கள் காத்துள்ளன. உட்கோட்டை என்ற பெயர் கோட்டையின் உட்பகுதியைச் சுட்டுகின்றது. மெய்க்காவல்புத்தூர் என்ற பெயர் அரசனின் மெய்காப்பாளரை நினைவூட்டுகின்றது. ஆயுதக்களம் என்ற ஊர்ப்பெயர் படைக்கலச் சாலையைக் காட்டும் என்பர். அவ்வூர்களில் உழுதும் கறந்தும் வாழும் மக்கள், தாம் ஒரு தலைநகரின் வரைபடத்தை நாள்தோறும் நாவில் வைத்திருப்பதை நினைப்பதில்லை. கேட்டால், "எங்கள் ஊர்ப் பெயர்" என்பர். பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை ஊர் முற்றும் அழிவதில்லை என்ற உண்மையை மாளிகைமேட்டில் உணர்ந்தோம்.

மாநக்கவாரமும் நாமும்

இனி நமக்கும் அவ்விடத்திற்கும் உள்ள உறவைக் காண்போம். கி.பி. 1025-இல் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்து சென்றது. வென்ற இடங்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட மெய்க்கீர்த்தியில் உள்ளது. அதில் ஸ்ரீவிசயம் முதல் கடாரம் வரை பதின்மூன்று பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மாநக்கவாரம். அது இன்றைய நிக்கோபார் என்பது அறிஞர் பலர் துணிபு. வங்கக் கடலின் வழியில் அத்தீவுகள் பண்டே அறியப்பட்டவை. ஏழாம் நூற்றாண்டில் அவ்வழியே கப்பலில் வந்த ஈ-சிங் என்னும் சீனத் துறவி, தீவினர் சிறு படகுகளில் வந்து தேங்காய் முதலியன கொடுத்து இரும்பு வாங்க விரும்பியதை எழுதி வைத்துள்ளார்.

சோழர் நம் தீவுகளை ஆண்டனர், அந்தமானைக் கடற்படைத் தளமாக்கினர் என்று நம் விழா மேடைகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம். நாமே சொல்லியும் இருக்கின்றோம். ஆனால் அக்கல்வெட்டு சொல்வது அவ்வளவு அன்று. பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே உள்ள நக்கவாரத்தின் பெயர் அதில் உண்டு. தளம் அமைத்த செய்தி அதில் இல்லை. அங்கே வாழ்ந்த தீவினர் அப்படையைக் கண்டு என்ன நினைத்தனர் என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை. வென்றவன் பொறித்த கல்லை வென்றவன் கூற்றாகவே படித்தல் வேண்டும். இருப்பதை இருப்பதாகச் சொன்னாலே நம் பெருமைக்குப் போதுமானது. மிகுத்துச் சொல்லின், நாளை படித்த பிள்ளைகள் உண்மையையும் சேர்த்து ஐயுறுவர்.

இவ்விடத்தில் மற்றொன்றும் நினைக்கத்தக்கது. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேயர் என்னும் நம் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக மத்திய உள்துறை அமைச்சர் அறிவித்தார். விடுதலைப் போராட்டத்தின் வெற்றியைக் குறிக்கும் பெயர் இது. சோழர் கடற்படைத் தளம் என்ற குறிப்பும் அவ்வறிவிப்பில் இருந்தது. ஆனால் வரலாற்றில் ஸ்ரீவிசயம் என்பது சுமத்திராவின் பாலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்டிருந்த பேரரசின் பெயர். இராசேந்திரனின் படை சென்று தாக்கியது அந்த அரசையே. அதன் மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் அப்போது சிறைபிடிக்கப்பட்டான். வென்றவனின் அரண்மனை இன்று பெயரற்ற மேடாகக் கிடக்க, தோற்ற அரசின் பெயரை ஒத்த பெயர் நம் ஊர் அஞ்சல் முகவரியில் வாழ்கின்றது. காலத்தின் விளையாட்டு இதனினும் வேறு உண்டோ?

நாம் வைத்துச் செல்வது

பத்துபஸ்தியில் நம் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசி, பள்ளியில் ஆங்கிலம் படித்து, வீட்டில் தமிழ் கேட்டு வளர்கின்றனர். சோழர் பெருமையை அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்பதில் ஐயமில்லை. வாய்ப்பு நேரும்போது கோயிலைக் காட்டுக. அத்துடன் மேட்டையும் காட்டுக. உயர்ந்து நிற்பதைக் கண்டால் பெருமிதம் பிறக்கும். மண்ணில் கிடப்பதைக் கண்டால் அறிவு பிறக்கும். இரண்டும் வேண்டும்.

மாளிகைமேட்டிலிருந்து திரும்புகையில் எம் மகள் பொன்னேரிக் கரையில் நின்று நீரைப் பார்த்தாள். "இதையும் அந்த ராஜாதான் வெட்டினாரா?" என்றாள். "ஆம்" என்றோம். இம்முறை அவள் நம்பினாள். அரசன் தனக்கெனக் கட்டிக்கொண்டது ஆயிரம் ஆண்டு நிற்கவில்லை. ஊருக்கென வெட்டியது இன்றும் நீர் தாங்கி நிற்கின்றது. கடல் கடந்து வந்து இத்தீவில் வீடும் மனையும் தேடிக்கொண்ட நாம், நம் சங்கத்தையும் அதன் நூலகத்தையும் தமிழ் வகுப்பையும் அவ்வேரிக்கரையைப்போல் காத்தல் வேண்டும். வீடுகள் கைமாறும், மேடாகவும் ஆகும். பலருக்குப் பயன்படுவது நிலைக்கும்.