பெருநாளும் தேர்வும் ஒரே நாளில் வந்தால்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர்களின் உரிமைகள்

தமிழ்நாட்டில் படிக்கும் வரை பெருநாள் விடுப்புக்காக நம் பிள்ளைகள் யாரிடமும் விண்ணப்பித்ததில்லை. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், முஹர்ரம், மீலாது நபி ஆகிய நான்கும் அரசு விடுமுறைப் பட்டியலிலேயே இருக்கின்றன. மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ போனதும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே பெருநாள் பெரும்பாலும் சாதாரண வேலை நாள். காலையில் பெருநாள் தொழுகை இருக்கும் அதே நேரத்தில் தேர்வோ ஆய்வக வகுப்போ வைக்கப்பட்டிருக்கலாம்.

இப்படியான நேரத்தில் பல மாணவர்கள் தொழுகையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். சிலர் சொல்லாமல் விடுப்பு எடுத்து மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. இந்த நாடுகளின் சட்டங்களும் பல்கலைக்கழக விதிகளும் மாற்று ஏற்பாடு கேட்க மாணவருக்கு வழி வைத்திருக்கின்றன. ஆனால் அந்த வழி, உரிய காலத்தில் எழுத்து மூலம் கேட்பவருக்கே திறக்கும். தேர்வு முடிந்த பிறகு சொல்லப்படும் காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எடுபடுவது கடினம்.

வரும் ஆண்டுகளில் எப்போது மோதும்?

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே சிக்கல் எந்த மாதத்தில் வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். கீழுள்ளவை பிறையைப் பொறுத்து ஓரிரு நாட்கள் மாறக்கூடிய தேதிகள்.

2027: ரமளான் தொடக்கம் பிப்ரவரி 8, நோன்புப் பெருநாள் மார்ச் 10, ஹஜ்ஜுப் பெருநாள் மே 16 ஆகிய தேதிகளை ஒட்டி.

2028: ரமளான் ஜனவரி 28, நோன்புப் பெருநாள் பிப்ரவரி 26, ஹஜ்ஜுப் பெருநாள் மே 5 ஆகிய தேதிகளை ஒட்டி.

2029: ரமளான் ஜனவரி 16, நோன்புப் பெருநாள் பிப்ரவரி 14, ஹஜ்ஜுப் பெருநாள் ஏப்ரல் 24 ஆகிய தேதிகளை ஒட்டி.

அமெரிக்காவில் செமஸ்டர் முறையில் இயங்கும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏப்ரல் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை இறுதித் தேர்வுகள் நடக்கும். பிரிட்டனில் மே, ஜூன் மாதங்கள் முக்கியத் தேர்வுக் காலம். எனவே இந்த ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். காலாண்டு முறையில் இயங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மார்ச் நடுப்பகுதியில் ஒரு தேர்வுச் சுற்று வருவதால் அங்கே நோன்புப் பெருநாளும் நெருக்கத்தில் வரும்.

ரமளான் குளிர்காலத்துக்கு நகர்வதால் நோன்பின் நீளம் குறையும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டிசம்பர் மாதத்தில் மாலை 4.20 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். கோடையில் 16, 17 மணி நேரம் நோன்பிருந்து தேர்வு எழுதிய சிரமம் இனி இருக்காது. ஆனால் நோன்பு திறக்கும் நேரம் வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். கேட்க வேண்டிய ஏற்பாடும் அதற்கேற்ப மாறும்: பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்ள, மஃக்ரிப் தொழ, பத்து பதினைந்து நிமிட இடைவேளை.

அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் சட்டம்

அமெரிக்காவில் கல்வி பெரிதும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. மாணவர்களின் சமய நாட்களுக்கான விதிகளும் அப்படியே. சேரப்போகும் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருக்கிறது, அது அரசுப் பல்கலைக்கழகமா தனியாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலம் 2019ல் இயற்றிய சட்டம் நமக்கு மிகவும் பயனுள்ளது. சமய அனுசரிப்பால் வகுப்புக்கு வர முடியாதவர்களோடு, அந்நாட்களில் ‘கணிசமான சிரமத்துக்கு’ உள்ளாகும் மாணவர்களையும் இது உள்ளடக்குகிறது. விடுப்பே எடுக்காமல் நோன்போடு வகுப்புக்கு வரும் மாணவரும் தேர்வு நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்பது இதன் பொருள். கட்டணம் எதுவும் வசூலிக்கக் கூடாது. இந்த விதியைப் பாடத்திட்டத் தாளில் அச்சிட வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள், தேதிகளைக் குறிப்பிட்டு, எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டத்தின் 224-அ பிரிவு தனியார் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. சமய நம்பிக்கை காரணமாக ஒரு நாளில் வகுப்புக்கோ தேர்வுக்கோ வர முடியாத மாணவருக்கு அதற்கு இணையான வாய்ப்பை வேறு நாளில் தர வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியதற்காக மாணவருக்குப் பாதகம் எதுவும் நேரக் கூடாது. மறுக்கப்பட்டால் மாணவர் நீதிமன்றம் போகலாம்.

கலிஃபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களும் சமூகக் கல்லூரிகளும், மாணவரின் சமய நம்பிக்கைக்கு முரணாகாத வேறொரு நேரத்தில் தேர்வு எழுத அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தவிர்க்க முடியாத, மிதமிஞ்சிய சிரமம் ஏற்படும் என்றால் மட்டுமே மறுக்கலாம். வழக்கு என்று வந்தால் அந்தச் சிரமத்தை நிரூபிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது.

எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இல்லை. அங்கெல்லாம் பல்கலைக்கழகம் தானே வகுத்துக்கொண்ட கொள்கைதான் ஆதாரம். அட்மிஷன் கிடைத்தவுடன் அதைத் தேடிப் படித்துவிடுவது நல்லது.

கனடாவும் பிரிட்டனும்

தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மனித உரிமைச் சட்டம் சமய நம்பிக்கையைப் பாதுகாக்கிறது. மிதமிஞ்சிய சிரமம் ஏற்படும் எல்லை வரை கல்வி நிறுவனம் இணங்கிப் போக வேண்டும். அந்தச் சிரமத்தை அளக்க மூன்று அளவுகோல்களே உண்டு: செலவு, வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய நிதி, உடல்நலமும் பாதுகாப்பும். ‘இன்னொரு வினாத்தாள் தயாரிப்பது தொல்லை’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு ஏற்பாடு செய்து தருவது அங்கே நேரடிக் கடமை. சமய விஷயத்தில் அப்படியொரு நேரடிக் கடமை இல்லை. மாறாக, எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி ஒரு சமயத்தவரை மட்டும் பாதிக்குமானால், அந்த விதிக்குத் தக்க காரணம் உண்டு என்று பல்கலைக்கழகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அது மறைமுகப் பாகுபாடு ஆகிவிடும். எனவே ‘இது என் உரிமை’ என்று மட்டும் எழுதாமல், அந்தத் தேதி தம்மை எப்படிப் பாதிக்கிறது என்பதை விளக்கி எழுதுவது பலன் தரும்.

பிறையும் படிவமும்

மற்ற சமயத்தவருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. படிவம் செமஸ்டரின் தொடக்கத்திலேயே தேதியைக் கேட்கிறது. பெருநாள் எது என்பதோ சில நேரம் முந்தைய இரவுதான் உறுதியாகிறது. வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில் 2006 முதல் கணக்கீட்டின் அடிப்படையில் தேதிகளை முன்கூட்டியே அறிவித்து வருகிறது. பிறையைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யும் பள்ளிவாசல்களும் அங்கே ஏராளம். ஒரே நகரில் இரண்டு நாட்களில் பெருநாள் வருவது நமக்குப் புதிதல்ல. பேராசிரியருக்கு அது புரியாத புதிர்.

இதற்கு எளிய வழி, வரக்கூடிய இரண்டு தேதிகளையும் படிவத்தில் எழுதிவிடுவது. ‘இஸ்லாமிய மாதம் பிறையைப் பொறுத்தது. இந்த இரண்டு நாட்களில் ஒன்று பெருநாள். உறுதியானதும் முந்தைய இரவே மின்னஞ்சல் அனுப்புகிறேன்’ என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். அப்படிச் சொன்ன பிறகு ஒரு நாளை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாளும் விடுப்பு எடுத்தால், அடுத்து வரும் முஸ்லிம் மாணவரின் கோரிக்கையும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். எந்தப் பள்ளிவாசலின் அறிவிப்பைப் பின்பற்றுவது என்பதை ரமளான் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஜும்ஆ, தொழுகை இடம், உளூ

பெருநாள் ஆண்டுக்கு இருமுறை. ஜும்ஆவோ வாரந்தோறும். அதற்காக ஒவ்வொரு வாரமும் அனுமதி கேட்பதைவிட, பாடங்களைப் பதிவு செய்யும்போதே வெள்ளிக்கிழமை நண்பகலைக் காலியாக வைத்துக்கொள்வது சிறந்தது. ஒரே பாடத்துக்குப் பல நேரப் பிரிவுகள் இருந்தால் இது எளிது. பல இடங்களில் ஆண்டில் இருமுறை கடிகாரம் ஒரு மணி நேரம் மாற்றப்படுவதால் லுஹர் நேரமும் கடிகாரத்தில் நகரும். அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தொழுகை இடம் குறித்து கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒரு முக்கியமான முடிவு வந்தது. அங்குள்ள ஒரு பொறியியல் உயர்கல்வி நிறுவனத்தின் முஸ்லிம் மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சார்பில் கியூபெக் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. தொழுகைக்கென்று நிரந்தரமான தனி அறை கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை, ஆனால் மாணவர்கள் தம் கண்ணியம் குறையாமல் தொழ வழி செய்ய வேண்டும் என்று ஆணையம் 2006ல் முடிவு சொன்னது. கியூபெக்கின் சூழல் பின்னர் மாறியது. 2023ல் அரசுப் பள்ளிகளில் தொழுகை இடம் ஒதுக்குவதை மாநிலக் கல்வி அமைச்சர் தடை செய்தார். ஆகவே பழைய முடிவுகளை மட்டும் நம்பாமல் அந்தந்த ஆண்டின் விதியைப் பார்க்க வேண்டும்.

உளூ செய்யும் வசதிக்கு அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழக டியர்பார்ன் வளாகம் நல்ல எடுத்துக்காட்டு. மாணவர்கள் கைகழுவும் தொட்டியில் கால் கழுவியதால் தரை ஈரமாகி வழுக்கியது. 2007ல், சுமார் 25,000 டாலர் செலவில் கால் கழுவும் இடங்கள் அமைக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. எதிர்ப்பு எழுந்தபோது, இது சுத்தமும் பாதுகாப்பும் சார்ந்த வசதி, யாரும் பயன்படுத்தலாம் என்று நிர்வாகம் விளக்கியது. நம் தேவையைப் பொது நன்மையோடு சேர்த்துச் சொன்னால் ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இது சான்று.

சம்பளம் பெறும் ஆய்வு மாணவர்கள்

அமெரிக்காவில் ஆசிரிய உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சம்பளம் பெறுபவர் அந்த வேலையைப் பொறுத்தவரை ஊழியர். அவருக்கு மத்திய அரசின் வேலைவாய்ப்புச் சட்டமும் துணை நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கிறிஸ்தவ அஞ்சல் ஊழியரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் இந்தப் பாதுகாப்பை வலுப்படுத்தியது. சிறு செலவைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, நிறுவனத்துக்குக் கணிசமான சுமை ஏற்பட வேண்டும் என்றது தீர்ப்பு. ஒரு கிறிஸ்தவர் தொடுத்த வழக்கின் பலன் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது.

கோரிக்கையை எழுதும் முறை

1. முதல் வாரத்திலேயே எல்லாப் பாடங்களின் தேர்வுத் தேதிகளையும் பெருநாள் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. பல்கலைக்கழகத்தின் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டு அவர் தலையாட்டியிருந்தாலும், அன்றே ‘இன்று பேசியபடி’ என்று எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

3. பாடத்தின் பெயர், தேதி, பாதிக்கப்படும் தேர்வு அல்லது வகுப்பு, நீங்கள் முன்வைக்கும் மாற்று நேரம் ஆகிய நான்கும் இருக்கட்டும். முடிந்தால் பெருநாளுக்கு முன்பே எழுதித் தரவும் தயார் என்று சொல்லுங்கள்.

4. பாடத்திலிருந்து விலக்குக் கேட்காதீர்கள். அதே வேலையை வேறு நேரத்தில் முடிப்பதே மாற்று ஏற்பாடு. வினாத்தாள் வேறாக இருக்கலாம்.

5. குழுவாகச் செய்யும் பணி என்றால் சக மாணவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி, உங்கள் பங்கை முடித்துக் கொடுத்துவிடுங்கள்.

பேராசிரியர் மறுத்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பல நேரம் அவருக்கே விதி தெரிந்திருக்காது. கொள்கையின் இணைப்போடு பணிவாக மீண்டும் எழுதலாம். பிறகு துறைத் தலைவர், மாணவர் நலன் டீன், சமத்துவப் பிரிவு என்று படிப்படியாகப் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்முறையீடு முடிந்த பிறகு உயர்கல்விக்கான தனி நடுவர் அலுவலகம் உண்டு. ஒன்டாரியோவில் மனித உரிமைத் தீர்ப்பாயம் உண்டு. வளாகத்தில் உள்ள முஸ்லிம் மாணவர் சங்கத்தையும் நாடுங்கள். பிரிட்டனில் இத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு 1960களின் தொடக்கத்திலும், வட அமெரிக்காவில் முஸ்லிம் மாணவர் சங்கம் 1963லும் தொடங்கப்பட்டவை. உங்களுக்கு வந்த சிக்கல் முன்பு வேறொருவருக்கு வந்திருக்கும்.

பெற்றோர் கவனத்துக்கு

பெருநாளுக்காக ஊருக்கு வரச் சொல்லி பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். இந்த ஏற்பாடுகள் தொழுகைக்கும் அந்த நாளுக்கும் உரியவை. ஒரு வாரப் பயணத்தை இவற்றின் கீழ் கேட்க முடியாது. 2027, 2028 ஆண்டுகளில் ஹஜ் மே மாதத்தில் வருகிறது. மாணவர் விசாவில் இருப்பவர் ஹஜ்ஜுக்குப் போக விரும்பினால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் ஆலோசிக்க வேண்டும். கேட்காமல் ஒரு பாடத்தைக் கைவிட்டால் விசா நிலையே பாதிக்கப்படலாம்.

பிள்ளையை வழியனுப்பும்போது பாஸ்போர்ட், தடுப்பூசிச் சான்று, வங்கிக் காகிதங்களைச் சரிபார்க்கிறோம். அதோடு, சேரும் பல்கலைக்கழகத்தின் சமய அனுசரிப்புக் கொள்கையையும் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். ‘தொழுகையை விட்டுவிடாதே’ என்ற அறிவுரையை எல்லாப் பெற்றோரும் சொல்கிறோம். அதைக் கடைப்பிடிக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகள் மார்க்கத்தையும் படிப்பையும் ஒருசேரக் காத்துக்கொள்வார்கள்.