நுண்குழாய் இணைப் புரதங்கள்: பூச்சிகளும் பாலூட்டிகளும்

நுண்குழாய் இணைப் புரதங்கள் என்பவை உயிரணுவின் நுண்குழாய்களுடன் பிணைந்து அவற்றை நிலைப்படுத்தவும் ஒழுங்கமைக்கவும் உதவும் புரதங்கள் ஆகும். நுண்குழாய்கள் டியூபியுலின் என்னும் புரதத்தால் ஆனவை. விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். டியூபியுலின் ஈயிலும் மனிதரிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. இணைப் புரதங்களில்தான் வேறுபாடு மிகுதி.

மரபணுக்களின் எண்ணிக்கை

பாலூட்டிகளில் டௌ, மேப்-2, மேப்-4 ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தின் தனித்தனி மரபணுக்களிலிருந்து உருவாகின்றன. டௌ பெரும்பாலும் நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்சானிலும், மேப்-2 கிளை இழைகளிலும், மேப்-4 பிற திசுக்களிலும் காணப்படும். பழ ஈயில் (டிரோசோபிலா மெலனோகாஸ்டர்) இக்குடும்பத்திற்கு ஒரே மரபணுதான். மேப்-7 குடும்பத்திலும் பாலூட்டிகளுக்கு நான்கு, ஈக்கு ஒன்று. எனவே ஒரு மரபணுவை நீக்கி விளைவைக் காண ஈயே எளிது என்று தோன்றும். ஆயினும் டௌ நீக்கப்பட்ட சுண்டெலி (1994) மட்டுமன்றி, டௌ இல்லாத ஈயும் உயிர் வாழ்கிறது.

ஃபுட்ச்

பாலூட்டிகளின் மேப்-1பி புரதத்திற்கு ஈயில் இணையானது ஃபுட்ச். செருமானியப் பேச்சுவழக்கில் இச்சொல்லுக்குத் 'தொலைந்தது' என்று பொருள். இது 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. மேப்-1பி அதில் பாதியளவே. ஈயின் நரம்பணுக்களைக் காட்டும் 22சி10 என்னும் எதிர்ப்பொருள் 1982-இல் சீமோர் பென்சரின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. அது பற்றும் புரதம் ஃபுட்ச் என்பது 2000-இல்தான் தெரியவந்தது. (இந்தியாவில் பழ ஈ நரம்பியலுக்கு வித்திட்ட ஒபைத் சித்திக்கியும் பென்சருடன் இணைந்து 1976-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர்.)

அளவில் இவ்வளவு வேறுபட்டும் கட்டுப்பாட்டு முறை ஒத்திருப்பது வியப்பிற்குரியது. உடையும் எக்ஸ் நோய்க்குறியில் இழக்கப்படும் புரதத்தின் ஈ வடிவம் ஃபுட்ச் உற்பத்தியை அடக்குகிறது என 2001-இல் காட்டப்பட்டது. பாலூட்டிகளில் அதே புரதம் மேப்-1பி-யின் தூது ஆர்.என்.ஏ.வுடன் பிணைகிறது.

நோய் ஆய்வில் பயன்

ஆல்சைமர் நோயில் டௌ, மூளை உயிரணுக்களுக்குள் முடிச்சுகளாகத் திரள்கிறது. 2001-இல் மனித டௌ புகுத்தப்பட்ட ஈக்களின் நரம்பணுக்கள் சிதைந்தன. ஈக்கள் விரைவில் இறந்தன. ஆனால் முடிச்சுகள் தோன்றவில்லை. முடிச்சின்றியும் டௌ நச்சாகலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. எனினும் ஈயில் முடிச்சே உண்டாகாது என முடிவு செய்வது தவறு: டௌவில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் ஷாகி என்னும் நொதியையும் மிகுதியாக்கியபோது முடிச்சு போன்ற இழைத்திரள்கள் தோன்றியதாக 2002-இல் அறிவிக்கப்பட்டது.