மாதவிடாய் நிற்குங் காலத்து மனக்கலக்கம்: இரு நூற்றாண்டு வரலாறு

பெண் பூப்பெய்துங் காலத்துக்குச் சடங்கு உண்டு. மகப்பேற்றுக்கும் சடங்கு உண்டு. மாதவிடாய் நின்றுபோகுங் காலத்துக்கோ சடங்கும் இல்லை, பேச்சும் இல்லை. பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் அது நின்றுவிடுகின்றது. அதற்கு முன்னுள்ள சில ஆண்டுகளிலே விலக்கு முறை தவறி வரத் தொடங்கும். உறக்கங் கெடுதல், காரணமின்றி நெஞ்சு படபடத்தல், சிறு சொல்லுக்கும் சினம் மூளுதல், யாதொரு துயருமின்றிக் கண்ணீர் பெருகுதல் என்பன அக்காலத்திற் பலரிடங் காணப்படுகின்றன. அதுவரை குடும்பத்தைத் தாங்கி நின்ற பெண்ணொருத்தி, தன் புத்தி பேதலிக்கின்றதோ என்று தனக்குள்ளேயே அஞ்சுவதும் உண்டு. அந்த அச்சத்துக்கு மேல்நாட்டு வைத்திய உலகம் கடந்த இருநூறு ஆண்டுகளாக என்ன விடை கூறி வந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பெண்களுக்குப் பெரும்பாலும் 40 வயதளவிலும் சிலருக்கு 50 வயதுவரையிலும் மாதவிடாய் நிற்கின்றது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் எழுதிவைத்தார். ஆகவே நிகழ்ச்சி பண்டுதொட்டு அறியப்பட்டதே. அதற்கென வைத்திய உலகில் ஒரு தனிப்பெயர் பிறந்தது பிந்திய காலத்திலேயாம். பிரான்சு நாட்டு வைத்தியரான கார்தான் என்பவர் 1816 ஆம் ஆண்டில் இவ்வயதினை அடையும் பெண்களுக்கு அறிவுரை கூறும் நூலொன்றை வெளியிட்டார். 1821 இல் அதன் மறுபதிப்பு வந்தபொழுது, மாதம் என்றும் நிற்றல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த 'மெனோபாஸ்' என்னும் பெயர் அதன் தலைப்பில் இடம்பெற்றது. அத்தலைப்பிலேயே 'நெருக்கடி வயது' என்னும் தொடரும் உடனிருந்தது. பெயர் பிறக்கும்போதே அச்சமும் கூடப் பிறந்துவிட்டது எனலாம்.

இங்கிலாந்தில் எட்வேட் டில்ற் என்ற வைத்தியர் 1857 இல் இப்பொருள் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அவர் 500 பெண்களின் வரலாறுகளைத் திரட்டி, யாருக்கு என்ன துன்பம் நேர்ந்தது என்று அட்டவணைப்படுத்தினார். பெண்கள் கூறியவற்றை எண்ணிப் பதிந்த அளவில் அது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால், கருப்பையும் சூலகமும் நரம்புகளை ஆட்டிவைக்கின்றன என்ற அக்காலக் கொள்கையைக் கொண்டே அத்துன்பங்களுக்கு அவர் பொருள் கண்டார். இரத்தம் வாங்குதலும் அபின் முதலிய மயக்க மருந்துகளும் அவர் கையாண்ட சிகிச்சைகளுள் அடங்கும். பெண்கள் சொன்னது ஏட்டில் ஏறியது. சிகிச்சையோ பழைய வழியிலேயே சென்றது.

வைத்தியரிடஞ் செல்ல அஞ்சிய பெண்கள் வேறிடந் தேடினர். ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலே லின் என்னும் ஊரில் லிடியா பிங்கம் என்ற அம்மையார் தம் வீட்டிற் காய்ச்சிய மூலிகை மருந்தொன்றினை 1875 முதல் விற்கத் தொடங்கினார். வேர்களும் விதைகளும் சேர்ந்த அம்மருந்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மதுசாரமும் இருந்தது. மருந்திலும் மேலாகப் பெண்களைக் கவர்ந்தது ஒரு விளம்பரமேயாகும். உங்கள் குறைகளை அம்மையாருக்கு எழுதுங்கள், ஆடவர் கண்ணில் உங்கள் கடிதம் படாது என்று அது கூறியது. கடிதங்கள் குவிந்தன. அம்மையார் 1883 இல் இறந்தார். எனினும் அவர் பெயரால் விடைகள் போய்க்கொண்டேயிருந்தன. 1905 ஆம் ஆண்டில் மாதர் சஞ்சிகையொன்று அவருடைய கல்லறைப் படத்தை வெளியிட்டு இவ்வஞ்சனையை அம்பலப்படுத்தியது. வியாபாரிகள் செய்தது பிழையே. ஆயினும் அக்கடிதக் குவியல் ஓர் உண்மையைக் காட்டிற்று. அது யாதெனின், கேட்பதற்கு ஒருவர் இருப்பின் சொல்லுதற்குப் பெண்களிடம் எவ்வளவோ இருந்தது என்பதாம்.

இனி ஜேர்மனிக்குச் செல்வோம். மனநோய்களை வகுத்துப் பெயரிட்டவருள் தலைசிறந்தவரான எமில் கிரேப்பலின் 1896 இல் வெளியான தமது பாடநூற் பதிப்பிலே, உடல் ஒடுங்கத் தொடங்கும் வயதிற் புதிதாகத் தோன்றும் தனிப்பட்ட மனச்சோர்வு நோயொன்று உண்டு என எழுதினார். ஒடுங்குகாலச் சோகநோய் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்குங் காலமே அந்நோயின் காலமெனக் கருதப்பட்டது. நோயின் முடிவு நல்லதன்று என்ற எண்ணமும் பரவிற்று. சில ஆண்டுகளின் பின் டிரைபஸ் என்னும் இளம் வைத்தியர், கிரேப்பலினுடைய நோயாளர் பிற்காலத்தில் என்ன ஆயினர் என்று தேடிச்சென்று ஆராய்ந்தார். அவருட் பெரும்பாலோர் குணமடைந்திருந்தனர்! சிலருக்கு இளமையிலேயே அந்நோய் வந்துபோயிருந்தமையும் தெரியவந்தது. ஆராய்ச்சி 1907 இல் வெளியாயிற்று. கிரேப்பலின் அதனை ஏற்றுத் தம் நூலின் அடுத்த பதிப்பிலே அத்தனி நோயைக் கைவிட்டார். தாம் கூறியதைத் தாமே திருத்திய அப்பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆனால், ஆசான் கைவிட்டதை உலகம் கைவிடவில்லை. அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் 1968 இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலிலும் அப்பெயர் இடம்பெற்றிருந்தது.

இதற்கிடையே மற்றொரு கதவு திறந்தது. 1929 இல் அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியிற் பூட்டனான்றும் பெண்மைக்குரிய ஹோர்மோன்களுள் ஒன்றைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். 1942 இல், சினைப்பட்ட குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்திரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966 இல் நியூயோர்க் வைத்தியரான றொபேட் வில்சன் எழுதிய நூல், மாதவிடாய் நிற்பதை ஒரு குறைபாட்டு நோயென்றும் நீரிழிவுக்கு இன்சுலின் போல இதற்கு ஈஸ்திரோஜன் வேண்டுமென்றும் கூறியது. முன்னர் பெண்ணைப் பித்தி என்றவர்கள், இப்போது குறையுற்றவள் என்றனர். 1975 இல் ஈஸ்திரோஜனைத் தனியே உட்கொண்ட பெண்களிடையே கருப்பையின் உட்படலத்திற் புற்றுநோய் மிகுதல் கண்டறியப்பட்டது. அதன்பின், கருப்பையுள்ள பெண்களுக்குப் புரொஜெஸ்திரோன் வகை மருந்தையுஞ் சேர்த்துக் கொடுக்கும் முறை நிலைபெற்றது.

நோய்ப்பெயர் மீதும் ஐயம் எழுந்தது. உளநோய் ஆராய்ச்சியாளரான மேர்னா வைஸ்மன் என்னும் அம்மையார், மனச்சோர்வுற்ற பெண்களை வயதுவாரியாக ஒப்புநோக்கி, இவ்வயதுக்கெனத் தனிப்பட்ட சோகநோய் ஒன்று இல்லையென 1979 இற் காட்டினார். 1980 இல் வெளியான அமெரிக்கப் பட்டியலில் அப்பெயர் நீங்கிற்று. பெண்குலத்தின் மீதிருந்த ஒரு பழி அகன்றது. ஆயினும், தனி நோய் இல்லை என்பதைத் துன்பமே இல்லை என்று பொருள்கொண்டவர்களும் இருந்தனர். எல்லாம் உன் கற்பனை என்ற சொல், பைத்தியம் என்ற சொல்லிலும் பார்க்கச் சிறிதே மென்மையானது.

உண்மை காண வேண்டுமாயின், ஒருநாட் பார்வை போதாது; ஒரே பெண்ணைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டல் வேண்டும். அவ்வாறே செய்யப்பட்ட இரு அமெரிக்க ஆராய்ச்சிகள் 2006 இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, முன்பு மனச்சோர்வு நோய் அறியாத 231 பெண்களை 8 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மாதவிடாய் முறை மாறத் தொடங்கிய காலத்தில் மனச்சோர்வு தோன்றும் வாய்ப்பு முன்னையிலும் மிகுந்ததென இரண்டும் கண்டன. ஹோர்மோன் குறைவதைக் காட்டிலும் அது ஏறியிறங்கித் தடுமாறுவதே மனநிலையோடு மிகுதியுந் தொடர்புடையதெனவும் தோன்றிற்று. இரவு வியர்வையால் உறக்கங் கெடுவதும் இதனோடு சேர்கின்றது. எனவே பெண்கள் கூறியது கற்பனையன்று. அதே வேளையில், இம்மாறுதலைக் கடக்கும் பெண்களிற் பெரும்பாலோர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதில்லை என்பதும் உண்மையே.

இது எங்கும் ஒரே வடிவில் வருவதுமன்று. கனடா நாட்டு மானிடவியலறிஞர் மார்கிறெற் லொக் அம்மையார் ஜப்பானிற் பெண்களை வினவி 1993 இல் நூலொன்று வெளியிட்டார். அங்கு இப்பருவத்தைக் 'கோனென்கி' என்பர். தோள் இறுக்கமும் தலைவலியுமே அப்பெண்கள் மிகுதியாகக் கூறியவை. திடீரென உடல் சூடேறுதலை வட அமெரிக்கப் பெண்களிலும் பார்க்க அவர்கள் குறைவாகவே கூறினர். உடலின் கதையோடு வாழ்வின் கதையும் பின்னியிருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். மூத்தோரைப் பேணும் பொறுப்பும், வளர்ந்த பிள்ளைகள் பற்றிய கவலையும், இப்பருவமும் ஒருங்கே வந்தடையும் வயது எந்நாட்டிலும் இதுவேயன்றோ?

இனி, இன்றைய வைத்தியம் என்ன கூறுகின்றது? ஹோர்மோன் சிகிச்சை 2002 இற் பெரும் அதிர்ச்சியைக் கண்டது. 16,608 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பரிசோதனையொன்று, மார்புப் புற்றுநோய், இருதயநோய் முதலியன மிகுந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டது. அச்செய்தி கேட்டு உலகெங்கும் பெண்கள் அம்மருந்தைக் கைவிட்டனர். அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதும், 60 வயதுக்கு முன்னரோ மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள்ளோ தொடங்குவோருக்கு ஆபத்துக் குறைவென்பதும் பின்னரே தெளிவாயின. ஆகவே அது எல்லோர்க்கும் அமுதமுமன்று, நஞ்சுமன்று. ஒவ்வொருவர் உடல்நிலையையும் ஆராய்ந்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது.

பிரித்தானியாவில் 2015 இல் வெளியான வைத்திய வழிகாட்டி, இப்பருவத்து மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிந்தனையையும் நடத்தையையுஞ் சீர்செய்யும் உளச்சிகிச்சையையும் பரிந்துரைத்தது. 2012 இல் லண்டனில் 140 பெண்கள் பங்குபற்றிய ஆராய்ச்சியொன்றிலே, இவ்வகைப் பயிற்சியை நான்கு வாரம் பெற்றவர்களுக்கு உடல் சூடேறுவதனால் அவர்கள் படுந் தொல்லை குறைந்தது. அதன் நெறி எளியது. நள்ளிரவில் வியர்த்து நெஞ்சு படபடக்கும்போது, என்னவோ நேரப்போகின்றது என்ற எண்ணம் எழுந்தாற் படபடப்பு மேலும் வளரும். இது சற்றுநேரத்தில் தணியும் என்றறிந்து மூச்சை மெல்ல விட்டு வாங்கினால் அது அடங்கத் தொடங்கும். மனச்சோர்வு நோயாகவே முற்றியவர்களுக்கு அதற்குரிய மருந்துகளும் உண்டு. தைரொயிட் சுரப்பியின் கோளாறும் இதே குறிகளைக் காட்டக்கூடுமாதலின் அதனையும் பரிசோதித்தல் நன்று. துயரம் வாரக்கணக்கில் நீங்காதிருப்பின் வைத்தியரை நாட வேண்டும். உயிர்வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுமாயின் ஒருநாளேனுந் தாமதித்தலாகாது.

நேயர்களே, இருநூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலனாகும். ஒரு கணம் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன போதெல்லாம் அறிவுடையோரும் தவறினர். பொறுமையோடு தொடர்ந்து கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. வைத்தியர்க்குப் பொருந்தும் இவ்விதி வீட்டிலுள்ளோர்க்கும் பொருந்தும். அம்மாவுக்கு இப்போது எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகின்றதே என்று பிள்ளைகளும் கணவரும் சலித்துக்கொள்ளும் முன்னர், இரவிலே உறங்கினாயா என்று ஒருமுறை வினவுவாராக. அப்பெண்மணியும், எனக்கு நேர்வது பித்துமன்று, பொய்யுமன்று. உடலில் நிகழும் ஒரு மாறுதல், பெரும்பாலும் கடந்து செல்வது, தணிக்க வழியுள்ளது என்று தெளிவாராக.