கவச அறையும் திறந்தவெளியும்: உமிழ்வுச் சோதனைக் கூடத்தின் வரலாறு

மின்கருவிகள் தத்தம் வேலையைச் செய்யும்போதே, யாருக்கும் பயன்படாத வானொலி அலைகளையும் சிறிதளவு வெளியிடுகின்றன. மின்காந்த உமிழ்வு எனப்படும் இவ்வலைகள் பிறருடைய வானொலி, தொலைக்காட்சி வரவேற்பைக் கெடுக்காத வரம்புக்குள் உள்ளனவா என்று அளந்தறிவதே இணக்கச் சோதனை. இதற்கு எத்தகைய இடம் தகுதியானது என்ற கேள்வி எளியதாகத் தோன்றினாலும், வெளியலைகளைத் தடுக்கும் சுவர் உள்ளலைகளைச் சரியாக அளக்கவிடாது என்ற முரண்பாடு அதனுள் அடங்கியிருந்ததால், விடை காணப் பல பத்தாண்டுகள் ஆயின.

கவச அறையின் மூதாதை 1836ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே அமைத்த, பக்கத்துக்கு 12 அடி கொண்ட கனசதுரக் கூடு ஆகும். மரச்சட்டத்தின்மேல் கம்பியும் வெள்ளீயத் தகடும் போர்த்தி, வெளிப்புறத்துக்கு வலுவான மின்னூட்டம் கொடுத்தபின் அவர் உள்ளே சென்று சோதித்தபோது, மின்னூட்டத்தின் அடையாளம் சிறிதும் தென்படவில்லை. கடத்தும் உறை தன் உட்புறத்தை வெளி மின்புலத்திலிருந்து காக்கும் என்ற இந்த உண்மையே பின்னாளைய உலோக அறைகளுக்கு அடிப்படையாயிற்று.

1930களில் வானொலி ஒலிபரப்பு பெருகி, மோட்டார்களும் பிற மின்கருவிகளும் எழுப்பிய இரைச்சல் நாடுகளின் எல்லையைக் கடந்த சிக்கலானபோது, அளவீட்டு முறைகளை ஒருமைப்படுத்துவதற்காக சிஸ்பர் என்னும் பன்னாட்டுக் குழு அமைந்து, 1934இல் பாரிஸில் முதன்முறையாகக் கூடியது. பிற்காலத்தில் 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கதிர்வீச்சை அளக்கத் திறந்தவெளித் தளமே முதன்மையான இடமாயிற்று. மண்ணின் ஈரத்துக்கேற்ப அலைகள் பிரதிபலிக்கும் அளவு மாறும் என்பதால் தரையில் உலோகத் தகடு பரப்பப்பட்டது. தரையிலிருந்து வரும் அலையும் நேரே வரும் அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடத்தைக் கண்டறிய ஆண்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் உயரம் வரை நகர்த்தப்பட்டது. எனினும் ஒலிபரப்பு நிலையங்களின் அலைகள் சோதனைக்குரிய கருவியின் மெல்லிய உமிழ்வை மூழ்கடித்தமையால், நகரை அண்டிய தளங்கள் நாளடைவில் பயனிழந்தன.

உலோக அறைக்குள் புகுந்துவிடுவது இதற்குத் தீர்வாகத் தோன்றியது. ஆனால் வெறும் உலோகச் சுவர்கள், புறத்தே வரும் அலையைத் தடுத்த அதே திறத்தோடு அகத்தே எழும் அலையையும் திருப்பியனுப்பின. அறையின் அளவும் அலைநீளமும் பொருந்தும் அதிர்வெண்களில் ஒத்ததிர்வு ஏற்பட்டு, புலம் ஓரிடத்தில் பெருகியும் மற்றோரிடத்தில் அற்றும் போனது. 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட அறையில் இது ஏறத்தாழ 39 மெகாஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும் என்பதால், ஆண்டெனாவைச் சற்று நகர்த்தினாலே அளவீடு பெரிதும் மாறியது.

சுவரை அலை உறிஞ்சியால் போர்த்தும் வழி ராடார் ஆய்விலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளை ராடாரிடமிருந்து மறைக்க உறிஞ்சிப் பூச்சுகளை உருவாக்கியது. போருக்குப் பின் கரி கலந்த ரப்பரில் தோய்த்த விலங்கு முடி விரிப்புகளும், அடுத்துக் கரியேற்றிய நுரைப் பிரமிடுகளும் ஆண்டெனா ஆய்வு அறைகளின் சுவர்களில் ஏறின. கரி மின்புலத்தின் ஆற்றலையே உறிஞ்சுகிறது. உலோகச் சுவரை ஒட்டி மின்புலம் அற்றுப்போவதால், உறிஞ்சி சுவரிலிருந்து ஏறக்குறையக் கால் அலைநீளம் நீண்டிருக்க வேண்டும். 30 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மீட்டர் ஆகையால் பிரமிடு ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீண்டு, அறையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இரும்பு ஆக்சைடை முதன்மையாகக் கொண்ட காந்தப் பீங்கானாகிய ஃபெரைட் இத்தடையை நீக்கியது. உலோகச் சுவரையொட்டியே காந்தப்புலம் உச்சம் பெறுவதால், காந்தவழியில் ஆற்றலை வெப்பமாக்கும் ஃபெரைட் ஓடு சில மில்லிமீட்டர் தடிமனிலேயே அவ்வேலையைச் செய்தது. ஜப்பானிய ஆய்வாளர்களான நைட்டோவும் சூயெடாக்கேயும் இப்பயன்பாட்டை 1971இல் விரிவாக வெளியிட்டனர்.

அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 1979இல் கணினிக் கருவிகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்ததும், ஐரோப்பியச் சமூகத்தின் 1989ஆம் ஆண்டு நெறிமுறை 1996 ஜனவரி முதல் முழுமையாகக் கட்டாயமானதும் சோதனைக் கூடங்களின் தேவையைப் பெருக்கின. தரையை மட்டும் உலோகமாக விட்டு, சுவர்களையும் கூரையையும் உறிஞ்சியால் மூடும் அரை எதிரொலியற்ற அறை, திறந்தவெளியின் தரைப் பிரதிபலிப்பை உள்ளேயே மீண்டும் உருவாக்கியதால் பரவலாயிற்று.

அவ்வறையின் தகுதியை நிறுவும் அளவுகோல் இரு ஆண்டெனாக்களுக்கிடையே அலை எவ்வளவு வலுக்குன்றுகிறது என்பதாகும். அதைக் கணக்கிடும் முறையை ஸ்மித், ஜெர்மன், பேட் ஆகியோர் 1982இல் வெளியிட்டனர். ஆண்டெனாவைக் கருவி நிற்கும் பரப்பின் நடுவிலும் சுற்றிலும் பல நிலைகளில் வைத்து அளந்த மதிப்புகள், கணக்கிட்ட மதிப்பிலிருந்து கூட்டியோ குறைத்தோ 4 டெசிபெலுக்குள், அதாவது புலவலிமையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் அறை ஏற்கப்படுகிறது. அந்தக் கணக்கு எல்லையற்று விரிந்த, குறையற்ற உலோகத் தரையையே கருதுகிறது. ஆகவே, இன்றைய சோதனை அறைகளின் சுவர்கள், உலகில் எங்குமே இல்லாத ஒரு வெட்டவெளியோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன.