கோணியில் போன ஹெட்

மோகனூரில் அப்பாவின் பட்டறையில் நான் முதலில் கழற்றியது அம்பாசிடர் காரின் சிலிண்டர் ஹெட். வார்ப்பிரும்பு, தூக்கினால் தோள் இறங்கும், கொதித்தாலும் லேசில் வளையாது. 1983-ல் மாருதி 800 வந்தது: 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட். அருமையான இன்ஜின். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியவர்களால்தான் கெட்டது. உப்பு படிந்து தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொள்ளும், சூட்டில் ஹெட் வளையும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் இருக்கும். கேஸ்கட்டில் இரண்டு சிலிண்டருக்கு நடுவே நகம் அகலத்துக்குக் கருகிய கோடு.

ஹெட்டின் மேல் இரும்புப் பட்டையை வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று அப்பா குனிந்து பார்ப்பார். கசிந்தால் ஹெட்டைக் கோணியில் சுற்றி, சமப்படுத்த பஸ்ஸில் நாமக்கல் லேத்துக்கு நான்தான் கொண்டுபோவேன். திரும்பி வந்ததும் நடு போல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் முடுக்குவோம்.

2014-ல் 800 தயாரிப்பு நின்றது. அந்த இரும்புப் பட்டையை இன்னும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.