கஞ்சமலைக்கு வந்த கம்பெனிகள்

இளம்பிள்ளையில் வீட்டு மாடி எதில் ஏறி நின்றாலும் கஞ்சமலை தெரியும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மலையடிவார ஓடைகளில் மணல் கறுத்துக் கிடக்கும். பள்ளிக்கூட நாட்களில் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, நூலில் கட்டி அந்த மணலில் இழுத்துக்கொண்டே போவோம். கறுப்புத் துகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதை மருந்து பாட்டிலில் சேர்த்து வைப்பது எங்களுக்கு ஒரு பெருமை. மலை முழுக்க இரும்புக் கல். காந்தத்துக்குப் பிடிபடும் மாக்னடைட்.

இன்று நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். சேலை வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், பங்குதாரர் பத்திரம், சமீபகாலமாக பிரைவேட் லிமிடெட் பதிவு. கம்பெனிச் சட்டத்தின் வரலாற்றை லண்டனில் தொடங்கிக் கல்கத்தா வழியாகச் சொல்வதுதான் பாடப்புத்தக வழக்கம். எனக்கு அந்தக் கதை முழுவதையும் இந்த மலையைச் சுற்றியே சொல்லிவிடலாம் என்று தோன்றும். நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விடியும் என்பதைத் தீர்மானிக்கிற சட்டம்தான் கம்பெனிச் சட்டம், மற்றதெல்லாம் ஃபாரம். கஞ்சமலை அந்தக் கேள்விக்கு வேறு வேறு காலத்தில் வேறு வேறு பதிலைப் பார்த்த மலை.

முதலில் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியே. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் அதன் கைக்குப் போயின. கர்னல் அலெக்சாண்டர் ரீடு நிலத்தை அளந்து தீர்வை போட்டார். கச்சேரி ஒரு பக்கம் வரி வாங்க, இன்னொரு பக்கம் சேலத்தில் ‘கமர்ஷியல் ரெசிடெண்ட்’ என்ற அதிகாரி உட்கார்ந்து துணி வாங்கினார். நெசவாளிக்கு முன்பணம், அதற்கு ஈடாகக் கம்பெனி சொன்ன நீளத்துக்கும் அகலத்துக்கும் துணி. முன்பணம் கொடுத்தவனே ஊரை ஆள்கிறவனாகவும் இருந்தால் பேரம் எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 1600இல் ராணி கொடுத்த சாசனத்தில் பிறந்த அந்தக் கம்பெனிக்குப் பங்குதாரர்கள் லண்டனில், நெசவாளிகள் இங்கே. 1813இல் அதன் இந்திய வியாபார ஏகபோகம் போயிற்று. 1833 சட்டம் வியாபாரத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அது கொள்முதல் செய்யாத கம்பெனி, ஆட்சி மட்டும் செய்யும் கம்பெனி.

அந்த ரெசிடெண்ட் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஜோசியா மார்ஷல் ஹீத். துணி வாங்க வந்த மனிதரின் கண் மலைப் பக்கம் திரும்பியது. இங்கே நடந்த உருக்குத் தொழிலை அவர் எழுதிவைத்திருக்கிறார். நாலடி உயர மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, அடுப்புக்கரி. அதில் வந்த இரும்பைத் துண்டாக வெட்டி, சிறு களிமண் குப்பியில் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, எருக்கிலை ஒன்றிரண்டை மேலே மூடி, மண்ணால் அடைத்துவிடுவார்கள். இருபது இருபத்துநாலு குப்பியை ஒன்றாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால், ஆறியபின் உடைத்து எடுப்பது உருக்குக் கட்டி. ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்று கொண்டாடிய உருக்கு அது. ஆவாரையும் எருக்கும் எங்கள் ரோட்டோரத்தில் இன்றைக்கும் தானாக முளைக்கின்றன. எகிப்தியர் கல் தூணில் எழுத்து வெட்டியது இந்திய உருக்கு உளியால்தான் இருக்கும் என்றுகூட ஹீத் 1839இல் ஒரு கட்டுரையில் வாதாடினார். கொஞ்சம் அதிகப்படியான ஆசைதான், இருந்தாலும் எங்கள் ஊர்ப் பக்கத்து இரும்புக்காக வாதாடினவர் என்று எனக்கு அவர்மேல் ஒரு சாய்வு உண்டு.

1825இல் ஹீத் மதராஸ் அரசிடம் ஒரு மனு போட்டார். ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சும் உரிமை மாகாணம் முழுக்கத் தனக்கு மட்டும் வேண்டும். கிடைத்தது. அரசுக் கடனும் கிடைத்தது. அதே 1825இல்தான் இங்கிலாந்தில், கூட்டுப் பங்குக் கம்பெனிகளை ஒரு நூற்றாண்டாக அடக்கி வைத்திருந்த 1720ஆம் வருஷத்து ‘பபிள்’ சட்டம் ரத்தானது. பங்கு திரட்டக் கதவு திறந்தது. ஆனால் சாசனமோ பாராளுமன்றத்தின் தனிச் சட்டமோ கையில் இல்லாதவர்கள் கம்பெனி நடத்தினால், கடன் வந்தபோது பங்குதாரரின் வீடு வாசல்வரை பதில் சொல்ல வேண்டும். ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். 1833இல் அது, அந்த ஊரின் ஐரோப்பியப் பெயரில், ‘போர்ட்டோ நோவோ’ ஸ்டீல் அண்டு அயர்ன் கம்பெனி ஆனது. மலபாரில் பேப்பூரிலும் ஒரு கிளை. தாது சேலத்துப் பக்கத்தில், உலை கடற்கரையில், பணம் லண்டனில்.

1853இல் புதிய பெயர், புதிய பங்குதாரர்கள்: ஈஸ்ட் இண்டியன் அயர்ன் கம்பெனி. இந்த முறை உலை எங்கள் பக்கத்துக்கே வந்தது. திருவண்ணாமலையில் ஒன்று, காவிரிக்கரைப் பூலாம்பட்டியில் ஒன்று. இன்று ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரிக்கும் மீனுக்கும் கூட்டம் போகிற அதே பூலாம்பட்டி. எல்லாம் தோற்றன. பூலாம்பட்டி உலை 1858க்கு மேல் எரியவில்லை. 1860களின் கடைசிக்குள் மற்றவையும் அணைந்தன.

காரணம் தாது இல்லை. கஞ்சமலைக் கல்லுக்குக் குறை சொன்னவர் கிடையாது. அடுப்புக்கரிதான் காலை வாரியது. கிராமத்து மண் உலை சுற்றுவட்டார விறகில் ஓடியது. ஐரோப்பிய உலை இரவு பகலாகக் காட்டைத் தின்றது. பக்கத்துக் காடு தீரத் தீர, கரி ஏற்றிய வண்டி இன்னும் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது, இரும்பின் அடக்க விலை ஏறிக்கொண்டே போனது. அதே நேரத்தில் நிலக்கரியில் காய்ச்சிய இங்கிலாந்து இரும்பு கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. கம்பெனிக்கு மட்டுமா அடி? காடு அரசுக் காடானதும், சந்தையில் சீமை இரும்பு குவிந்ததும், கஞ்சமலை அடிவாரத்துத் துருத்திக்காரனும் தொழிலை விட்டான். கம்பெனிக்காவது எழுதித் தள்ள ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது, அரசுக் கடன் இருந்தது. துருத்திக்காரனின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

ஹீத் கதையும் நன்றாக முடியவில்லை. இங்கிலாந்து போய், வார்ப்பு உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்கு முதலாளிகள் முறையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஹீத் செத்தபின் 1855இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது, அவருக்கு எதிராக.

அந்த 1855தான் பிரிட்டனில் வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் வந்த வருஷம். பங்குக்குக் கட்டிய பணத்தோடு பங்குதாரரின் பாடு முடிந்தது. இந்தியாவில் 1850ஆம் வருஷத்து 43ஆவது சட்டம் கம்பெனியைப் பதிவு செய்ய வழி கொடுத்ததே தவிர, பொறுப்புக்கு வரம்பு கொடுக்கவில்லை. அதை 1857ஆம் வருஷத்து 19ஆவது சட்டம் கொடுத்தது. வடக்கே சிப்பாய்க் கலகம் கொதித்த அதே வருஷம். ஆனால் வங்கிக்கும் இன்சூரன்சுக்கும் அந்தச் சலுகை இல்லை. ஊரார் காசை வைத்திருப்பவன் முழுப் பொறுப்போடு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். 1860இல் வங்கிக்கும் கிடைத்துவிட்டது. அதன்பின் 1866, 1882, 1913, 1956, 2013 என்று சட்டம் தடித்துக்கொண்டே வந்தது. வரிசையாக விவரித்தால் படிக்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். நானே பரீட்சைக்குப் படித்தபோது தூங்கினேன்.

முழுப் பொறுப்பு இருந்தால் போட்டவன் பணம் பத்திரம் என்று சொல்ல முடியுமா என்றால், அதற்கு 1906 அக்டோபர் பதில். மதராஸில் வங்கி நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி, பெயரில் கம்பெனியே தவிர, கூட்டாண்மை. சட்டப்படி கூட்டாளிகளின் கடைசிப் பைசாவரை பொறுப்பு உண்டு. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். ஒன்றிரண்டு நாளில் மதராஸ் கடை கதவை மூடியது. ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். மாகாணம் முழுக்கப் பணம் போட்டிருந்த பென்ஷன்காரர்களுக்கும் விதவைகளுக்கும் அதனால் பாக்கி முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கோபத்தில் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முன்நின்று 1907இல் தொடங்கியது இந்தியன் வங்கி. 1925இல் தோன்றிய சேலம் வங்கி 1960களில் இதே இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பொறுப்பு வரம்புள்ள வங்கிதான் நிலைத்தது. எங்கள் பக்கத்துப் பாமர ஜனங்களுக்கு ‘லிமிடெட்’ என்ற சொல்லைக் காட்டிக்கொடுத்தது வங்கியும் இல்லை, சட்டமும் இல்லை. சேலத்துப் பட முதலாளி டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் டைட்டில்தான்.

மலைக்கு அடுத்த கம்பெனி சுதந்திரத்துக்குப் பின் வந்தது. சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று ஊரே கேட்டது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1972இல் சேலம் ஸ்டீல் லிமிடெட் பதிவானது. 1956 சட்டத்தில் அரசுக் கம்பெனி என்று ஓர் இனம் இருந்தது. மூலதனத்தில் 51 சதவீதமாவது அரசிடம் இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்குகள் இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரில்தான் இருக்கும். கஞ்சமலை வடக்கடிவாரத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்த குடியானவர்களுக்கு எதிரே உட்கார்ந்த முதலாளி, சட்டப்படி, ராஷ்டிரபதி. 1978இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தக் கம்பெனியைக் கலைத்து, செயில் என்ற மத்திய அரசு உருக்கு நிறுவனத்தோடு சேர்த்துவிட்டது. கஞ்சமலைத் தாதையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் வைத்துத்தான் முதலில் கனவு கண்டார்கள். 1981-82இல் ஓடத் தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருளைத் தகடாக உருட்டும் ஆலை. மலைக்கல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

பிறகு தமிழக அரசின் டிட்கோவும் தனியார் உருக்கு நிறுவனமான ஜே.எஸ்.டபிள்யூவும் சேர்ந்த டிம்கோ என்ற கூட்டுக் கம்பெனி, திருவண்ணாமலையின் கவுத்திமலை, வேடியப்பன்மலையோடு கஞ்சமலையையும் தோண்டத் திட்டம் போட்டது. மக்கள் எதிர்த்தார்கள். மலை அப்படியே இருக்கிறது. மலையடிவாரச் சித்தர் கோவிலுக்கு அமாவாசைக் கூட்டமும் குறையவில்லை.

இவ்வளவு கம்பெனிகள் வந்துபோன மலையின் நிழலில், இளம்பிள்ளைச் சேலை வியாபாரம் பெரும்பாலும் கம்பெனியாகாமலே வளர்ந்தது. அப்பா பெயரில் ஒரு கடை, அண்ணன் தம்பிக்கு 1932 கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பத்திரம், அவ்வளவுதான். சூரத் ஜரிகையோ பெங்களூர்ப் பட்டோ, நூல் கடனில் வரும். சேலை கடனில் போகும். தறிக்காரருக்குப் பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குவார்கள். எல்லாம் ஆளின் பேரில் ஓடுகிற வண்டி.

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு வியாபாரி மகனோடு வந்தார். ஆன்லைனில் விற்கிற மகனுக்குக் கம்பெனி ஆசை. பெரியவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏங்க தம்பி, கம்பெனியாக்கிட்டா, கடன்னு வந்தா வீடு போவாதுங்களா?”

“சட்டப்படி போவாதுங்கண்ணா. ஆனா பேங்குல லோன் கேட்டா நீங்களும் பையனும் தனித்தனியா ஜாமீன் கையெழுத்துப் போடணும். அப்புறம் வீடும் அதுல வந்துரும்.”

“அப்ப எதுக்குங்க இது?”

எதுக்கு என்றால், நூல்காரரின் பாக்கிக்கு. 1857இல் சட்டம் கொடுத்த வரம்பை வங்கி ஒரு ஜாமீன் பத்திரத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு ஜாமீன்தாரருக்கும் என்கிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள்மேல் திவால் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆக, ஜாமீன் கேட்டு வாங்கும் பலம் உள்ளவனுக்கு எதிரே கம்பெனிச் சுவர் கிடையாது. சுவர் நிற்பது, ஜாமீன் கேட்கத் தெரியாத நூல்காரருக்கும், வாரக்கூலி பாக்கி நிற்கிற தறிக்காரருக்கும் எதிரேதான்.

இதைப் பெரியவருக்குப் புரியவைக்க நான் சிரமப்படவே இல்லை. அவர் சட்டம் படித்ததில்லை, ஆனால் நூல்காரர் என்ன நினைப்பார் என்பது அவருக்கு என்னைவிடத் தெரியும். “போர்டுல பிரைவேட் லிமிடெட்னு எழுதினா அறுவது நாள் கடன் குடுத்தவரு முப்பது நாளாக்கிருவாருங்க” என்றார். மகன் முகம் சுருங்கியது. கடைசியில் அப்பாவின் கடை கூட்டுப் பத்திரத்திலேயே இருக்கட்டும், ஆன்லைன் விற்பனைக்கு மட்டும் மகன் பெயரிலும் மருமகள் பெயரிலும் ஒரு பிரைவேட் லிமிடெட் என்று முடிவானது. அந்தக் கம்பெனி நூல் வாங்காது; அப்பாவிடம் ரொக்கத்துக்குச் சேலை வாங்கி விற்கும். பதிவாகி வந்த காகிதங்களைப் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மூலதனம் ஒரு லட்சம் என்ற இடத்தில் விரல் வைத்து, இதற்குமேல் பையன் நஷ்டப்பட்டால் அதை யார் தாங்குவது என்று மறுபடியும் கேட்டார். “அவனுக்குச் சேலை கொடுக்கிற நீங்கதாங்கண்ணா, அதனாலதான் ரொக்கம்” என்றேன்.